மூன்றாவது ‘வேண்டாம்’

ஆன்லைன் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன மாதம் என்னை அழைத்தாள். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களுக்காகப் பாடங்களைப் புதுப்பிக்கிறார்களாம். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் என்ற முறையில் என் அனுபவத்தை இரண்டு நிமிடக் காணொளியாகத் தர வேண்டும், முடிந்தால் சிரித்த முகத்தோடு. சிரித்த முகம் என்னிடம் இல்லை என்பது என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் போய்ப் பேசிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நிமிடத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

வேலை கற்ற கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். நர்சிங் படித்தேன். கோயம்புத்தூரில் ஒன்றிரண்டு ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக ஓடினேன். முழங்கால் தேய்ந்தது. அந்த நேரத்தில் பேரூரைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு முதியோர் இல்லம் திறந்தார்கள். மேற்பார்வையாளர் வேலை, எல்லாமே தரைத்தளம், படி ஏற வேண்டியதில்லை என்றார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

எங்களிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். தோட்டம், மில், கல்யாண மண்டபம் என்று ஒரு காலத்தில் ஆண்டவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வந்து எத்தனை வருடமானாலும், “கொஞ்ச நாளைக்குத்தானுங்க” என்றுதான் சொல்வார்கள். நாங்களும் ஆமாங்க என்று தலையாட்டுவோம்.

நிர்வாகி சண்முகம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அதற்கு முன் ஒரு நூற்பாலையில் ஆட்களின் லீவு, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. நடக்கப்போகிற காரியமென்றால், “செஞ்சுபோடலாமுங்க” என்பார். நடக்காது என்றால், “பார்க்கலாமுங்க.” ஜென்மத்துக்கும் நடக்காது என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, “நீங்க சொல்றது நியாயந்தானுங்க” என்பார். யார் போனாலும் டீ வரவழைப்பார். லீவு கேட்கப் போனவர்கள் டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, கேட் வரைக்கும் நடந்த பிறகுதான் லீவு கிடைக்கவில்லை என்பதே அவர்களுக்கு உறைக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் பயிற்சியை விற்க ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், ஊர் திருப்பூர்ப் பக்கம். நானும் அந்த அறையில் இருந்தேன். சார் முதலில், இப்ப எதுக்குங்க என்றார். பையன் மறுபடி கேட்டான். பார்க்கலாமுங்க என்றார். பையன் மறுபடியும் கேட்டான். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வெளியூர்க்காரனாக இருந்தால் அதோடு எழுந்திருப்பான். இவன் நம்ம பக்கத்து ஆள் அல்லவா? பெரிய மனிதர் மரியாதைக்கு மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டான். சாரிடம் அதற்கு மேல் சொல் கைவசம் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒருவர் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்று கற்றுத்தரும் பயிற்சி எங்கள் இல்லத்துக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பயிற்சி முழுக்க போனில், ஒரு செயலி வழியாக. பாடத்தை வேகமாக ஓட்டிவிட முடியாது. நடுநடுவே ஒரு பச்சைக் கட்டம் தோன்றும். அதைத் தொட்டால்தான் பாடம் நகரும். நாம் தூங்கவில்லை என்பதற்கு அது சாட்சி. சமையல்கட்டில் ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டே பாடம் பார்ப்பாள், கட்டம் வந்தால் முழங்கையால் தொடுவாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். பாடத்தில் வருகிற முதியவர் வெள்ளைவெளேரென்ற அறையில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ஆப்பிள் துண்டைச் சிந்தாமல் சிதறாமல் சாப்பிடுவார். அப்படி ஒருவர் எங்களிடம் இருந்திருந்தால் அவருக்கு நாங்கள் எதற்கு?

ஆனால் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டுவதைப் பற்றிய பாடம் அருமையான பாடம். சாய்ந்து கிடப்பவருக்கு ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மோவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கரண்டி கீழிருந்து போக வேண்டும், மேலிருந்து போனால் தலை அண்ணாந்துவிடும், புரை ஏறும். தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டதும் படுக்கவைக்கக் கூடாது. இதையெல்லாம் நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். சிஸ்டருக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தவர்கள், போன் சொன்னதும் பயபக்தியோடு செய்தார்கள். சாப்பாட்டு ஹாலில் இருமல் சத்தம் குறைந்தது.

மகேஸ்வரி என்று ஒரு பெண், எங்கள் பணிப்பெண்களில் கெட்டிக்காரி. சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அவள் குசுகுசுவென்று பேசினாலே வராந்தா முழுக்கக் கேட்கும். எல்லாப் பாடத்திலும் அவள்தான் முதல். நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். கேள்வியோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நேரம் முடிந்துவிடுகிறது.

அடுத்து வந்தது ‘சம்மதம்’ என்ற பாடம். தட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டு. பெயர் சொல்லி அழை, உறவுமுறை வேண்டாம். சாப்பிட விருப்பமா என்று கேள். பதிலுக்குக் காத்திரு. மறுத்தால் ஓர் அடி பின்வாங்கு. செயலியில் ‘மறுத்தார்’ என்று பதிந்துவிட்டு நகர்ந்து போ. மீண்டும் கேட்பது வற்புறுத்தல். வற்புறுத்தல் உரிமை மீறல். இந்தக் கடைசி வரி சிவப்பு எழுத்தில் வரும், கூடவே ஒரு மணி அடிக்கும்.

சுலோச்சனா டீச்சருக்கு இந்தப் பாடம் தேனாக இனித்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் தட்டில் யாராவது இன்னொரு இட்லியைத் தள்ளிக்கொண்டே இருப்பது வழக்கம். அவரோ போதும் என்றால் போதும் என்கிற ஆள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தப் பாடத்தை எழுதுனவங்க நல்லா இருக்கோணும் சிஸ்டர். என்ற ஆயுசுல மொதல் தடவையா நான் ஒரு வேண்டாஞ் சொல்லி, அது செல்லுபடியாயிருக்குது.”

அவர் முகத்தைப் பார்த்தபோது, பாடத்தைத் திட்டியதற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவருக்கு எதிர் அறையில் ரங்கசாமி ஐயா இருந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருந்தவர். மனைவி போன பிறகு, ஈரோட்டில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கவிதா இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அவர் வீட்டில் அடுப்பு அணைந்ததே இல்லை என்பார்கள். தோப்புக்குள் யானை புகுந்தால் விரட்ட வருகிறவர்களுக்கும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாராம். யானைக்கும் உபசாரம் உண்டுங்களா என்று ஒருமுறை கேட்டேன். “அது நாம சொல்றதுக்கு முந்தியே சாப்ட்டுப்போட்டுப் போயிருமுங்க” என்றார்.

பயிற்சிக்கு முன்னால் அவருக்கும் மகேஸ்வரிக்கும் தினம் ஒரு நாடகம் நடக்கும். அவள் தட்டோடு போவாள். வேண்டாம் அம்மணி, நீ போய்ச் சாப்பிடு என்பார். தாத்தாவைக் கூப்பிடுவது போல, அப்பாருங்க, ஒரே வாய் என்பாள். இப்பத்தான் ஆச்சு என்பார். அப்ப நானும் சாப்பிடமாட்டேன் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். இந்தப் புள்ளையோட ஒரே ரோதனை என்று சலித்துக்கொண்டே தட்டைக் காலி செய்வார்.

பயிற்சிக்குப் பிறகு அவள் கதவைத் தட்டினாள், ஒரு நிமிடம் நின்றாள், “ரங்கசாமி சார், தாங்கள் உணவருந்த விரும்புகிறீர்களா?” என்று பாடத்தில் உள்ளபடி கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாம் அம்மணி என்றார். அவள் ஓர் அடி பின்வாங்கி, போனில் பதிந்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வேளையும் அப்படியே. பட்டினி என்று சொல்ல முடியாது. மேசை மேல் விட்டுப்போன பாலைக் குடிப்பார், ஒரு பழம் தின்பார். யாராவது கேட்டுவிட்டால் மட்டும் வேண்டாம்.

அவருடைய கைக்கடிகாரம் முழங்கைவரை நழுவத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் கவனித்தோம். டாக்டர் வந்தார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மனம் விட்டுப்போயிருக்கிறது, வாழ்வில் பிடிப்பு இல்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரைக்கும் அவர் வேண்டாமுங்க என்றார், அதுவும் பதிவானது. கடைசியில் டாக்டர், திங்கட்கிழமை வருவதற்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குழாயை நான் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். தேவையானவருக்கு அது உயிர் காக்கும். ஆனால் வயதானவர்கள் அதைப் பிடுங்குவார்கள். பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். விருந்து வைத்தே வாழ்ந்த மனிதருக்கு இந்த முடிவா? கவிதா ஈரோட்டிலிருந்து ஓடி வந்து அழுதாள். அவர் மகள் தலையைத் தடவிக்கொடுத்து, “உங்க இஷ்டம் போலச் செய்யுங்க” என்றார். போனில் சொன்னபோது, அதையும் டாக்டர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மகேஸ்வரியைக் கூப்பிட்டு விசாரித்தேன். போனைத் திறந்து காட்டினாள், மேலிருந்து கீழ்வரை ‘மறுத்தார்’. “நான் ஒரு தடவைகூட வற்புறுத்தலீங்க சிஸ்டர்” என்றாள். கண்ணில் நீர் தளும்பியது, குரலில் பெருமையும் இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதத்தின் சிறந்த பணியாளர் என்று அவள் படத்தைத்தான் வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை ஐயாவின் மச்சான் வந்தார், அதாவது இறந்துபோன மனைவியின் அண்ணன். குழாய் போடப்போகிற செய்தி கேட்டு, போட்டது போட்டபடி கிளம்பி வந்தவர். அன்று சமையல்கட்டில் அரிசி மாவில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருந்தார்கள். மகேஸ்வரி ஒரு தட்டில் கச்சாயமும் காபியும் கொண்டுபோனாள். நான் வாசலில் நின்றிருந்தேன். வந்தவரிடம் பாடத்தில் உள்ளபடி கேட்டாள். அவர், இப்பத்தான் ஆச்சுங்க என்றார். அவள் ஓர் அடி பின்வாங்கித் தட்டோடு திரும்பினாள்.

பல நாளாகக் குரலே எழும்பாமல் கிடந்த ரங்கசாமி ஐயா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தட்டை எங்க எடுத்துட்டுப் போற அம்மணி? ஊட்டுக்கு வந்தவங்களை இப்படியா கேக்கறது? கொண்டா இங்க” என்றார். தட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒண்ணு எடுங்க மச்சான் என்றார். வேண்டாங்க மாப்ளே, பசியில்லை என்றார் வந்தவர். அந்தக் காலத்துக் கச்சாயமாட்டம் இருக்குது, வாயில போட்டுப் பாருங்க என்றார் ஐயா. இல்லீங்க, டாக்டர் இனிப்புத் திங்கக் கூடாதுன்னுட்டார் என்றார். என்ற கையால குடுக்கறேன், வாங்கமாட்டீங்களா என்று ஐயா ஒன்றை எடுத்து நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்காமலே இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டார்.

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். முதல் வேண்டாம் கூச்சத்துக்கு, இரண்டாவது வேண்டாம் கேட்கிறவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு, மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் கை நீள வேண்டும், அப்போதும் வேண்டாம் என்றால்தான் அது நிஜம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் சிவப்பு எழுத்தும் மணியும் அதைத் தலையிலிருந்து துடைத்து எடுத்திருந்தன. அங்கே நின்று அந்த மாமன் மச்சானைப் பார்த்தபோதுதான், அவருடைய மூன்றாவது வேண்டாமை நாங்கள் யாரும் இதுவரை கேட்கவே இல்லை என்பது புரிந்தது.

உள்ளே போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். நீங்களும் ஒண்ணு எடுங்க என்றேன். வேண்டாமுங்க சிஸ்டர் என்றார். ஒரே ஒண்ணு என்றேன். இப்பத்தானுங்க பால் குடிச்சேன் என்றார். பாடத்தின்படி நான் அதற்குள் ஓர் உரிமை மீறல் செய்துவிட்டேன். மகேஸ்வரி பயத்தோடு என்னையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டைப் பிடிச்சுட்டு நிக்கறேன், முழங்கால் வேற வலிக்குதுங்க என்று மூன்றாவது முறை சொன்னேன். முழங்கால் வலி பொய்யில்லை.

“நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க” என்று அவர் ஒன்றை எடுத்தார். அது தீர்ந்தது. அடுத்ததும் தீர்ந்தது. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார். மகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு, “அப்பாருங்க” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பசித்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“ஒரே ஒரு தடவை கேட்டுப்போட்டுத் தட்ட எடுத்துட்டுப் போனாங்க. செரி, இந்த ஊட்ல நம்ம சோறு முடிஞ்சு போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. கேட்டு வாங்கித் தின்னு பழக்கமில்லீங்களே.”

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவர் பதறிப்போய், இதுக்குப் போயி என்று தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றார். அந்த மாத்திரையை அவர் ஒருநாளும் விழுங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சண்முகம் சாரிடம் போனேன். இனி எல்லோரிடமும் மூன்று முறை கேட்க வேண்டும் என்றேன். செய்தி பரவி, சுலோச்சனா டீச்சர் கைத்தடியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தன்னிடம் ஒருமுறைக்கு மேல் கேட்டால் மகனிடம் சொல்லி வேறு இல்லம் பார்ப்பேன் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில், ஒருவரைச் சேர்க்கும்போதே அவருடைய வேண்டாம் எத்தனையாவது முறையில் நிஜமாகும் என்று அவரையும் வீட்டாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நீங்க சொல்றது நியாயந்தானுங்க என்றார். நான் எழுந்திருக்கவில்லை. திருப்பூர்ப் பையனை நினைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன், மறுபடியும் கேட்டேன். டீ ஆறிப்போனது. செஞ்சுபோடலாமுங்க என்றார்.

பயிற்சி நிறுவனம் இதைக் கேள்விப்பட்டு ஆனந்தப்பட்டது. ‘பண்பாட்டு நுணுக்கம்’ என்று ஒரு பாடமே போட்டுவிட்டார்கள். செயலியில் இப்போது மூன்று கட்டங்கள் உண்டு: முதல் மறுப்பு, இரண்டாம் மறுப்பு, மூன்றாம் மறுப்பு. மகேஸ்வரி ஊர் ஊராகப் போய் அந்தப் பாடத்தை நடத்துகிறாள், மைக் இல்லாமலே. ஆனால் யாரிடம் எத்தனை முறை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேனே, அதற்குக் கட்டம் இல்லை. இரண்டு நிமிடக் காணொளியில் அதற்கும் இடமில்லை.

காணொளியை அந்த இல்லத்திலேயே எடுத்தார்கள். சீக்கிரம் வரச் சொன்னதால் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறியிருந்தேன். படப்பிடிப்பு முடிந்து ஹாலில் உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து, “காபி வேணுங்களா, வேணுங்களா, வேணுங்களா?” என்று ஒரே மூச்சில் கேட்டாள். வேண்டாம் கண்ணு என்றேன். மூன்று கட்டத்தையும் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்து நாற்காலியில் ரங்கசாமி ஐயா இருந்தார். உடம்பு தேறியிருக்கிறார், ஞாபகம்தான் முன்போல இல்லை. என்னை அடையாளம் தெரியவில்லை. தன் வீட்டுக்கு வந்த யாரோ என்று நினைத்துக்கொண்டு, வாங்க, எப்ப வந்தீங்க என்று விசாரித்தார். தன் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி, குடிங்க என்றார். இப்பத்தானுங்க ஆச்சு என்றேன். சும்மா ஒரு வாய் குடிங்க என்றார். வேண்டாமுங்க என்றேன். அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் மேல் போய் நின்றுவிட்டது.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். காபி மணம் மூக்கில் ஏறியது, வயிறு எரிந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் டம்ளர் இருந்தது, கை நீளவில்லை. கேட்டு வாங்கிக் குடித்து எனக்கும் பழக்கமில்லை. சில வாரங்கள் தினம் மூன்று வேளையும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் அன்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பினார். “ஏனுங்க, இன்னும் குடிக்கலீங்களா? ஆறிப்போகுது பாருங்க” என்று டம்ளரை எடுத்து என் கையிலேயே வைத்தார்.

குடித்தேன்.